மாலாவுக்கு அப்பா எழுதுவது

சுங்கை சிப்புட்
20.1.2026

அன்பு மகள் மாலாவுக்கு,

இங்கே நான் நலம். நீயும் மாப்பிள்ளையும் கவினும் நலமாக இருக்க அம்மனை வேண்டிக்கொள்கிறேன். கவினுக்குப் பள்ளி திறந்திருக்கும். இடைநிலைப்பள்ளி என்றால் புதுப் பிள்ளைகள், புது வாத்தியார்கள். முதல் இரண்டு மாதம் மார்க்குக்காக அவனை ஏசாதே.

போனில் பேசலாம்தான். ஆனால் நீ “சாப்பிட்டீங்களா, மருந்து போட்டீங்களா” என்று கேட்டதோடு வைத்துவிடுகிறாய். பொங்கலுக்கும் வரவில்லை. குறையாகச் சொல்லவில்லை, வேலை இருந்திருக்கும். பானை பொங்கினபோது நான் ஒருத்தனாகத்தான் “பொங்கலோ பொங்கல்” சொன்னேன். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து உன் பாக்கியம் அக்கா கூடச் சேர்ந்து சொன்னார்.

தீபாவளிக்கு வந்தபோது டிவிக்குப் பக்கத்தில் நீ வைத்துவிட்டுப் போன முதியோர் இல்லத்துத் தாளைப் பற்றித்தான் எழுதுகிறேன். கிழித்துப் போட்டிருப்பேன் என்று நினைத்திருப்பாய். கிழிக்கவில்லை. அன்றைக்கு நான் சத்தம் போட்டதும் அந்தத் தாளுக்காக இல்லை.

போன வாரம் அந்த இல்லத்துக்குப் போய் வந்தேன். காலையில் பஸ் ஏறி ஈப்போவில் இறங்கி, அங்கிருந்து டாக்சி. கால் வலிக்கவில்லை, கவலைப்படாதே. “யாருக்கு இடம் பார்க்கிறீங்க அங்கிள்?” என்று அங்கே இருந்த பெண் கேட்டது. எனக்குத்தான் என்று சொல்வதற்குள் தொண்டை கட்டிக்கொண்டது. ஆனால் மரியாதையாகத்தான் எல்லாவற்றையும் சுற்றிக் காட்டினார்கள். குளியலறையில் சுவரோடு கைப்பிடி, வழுக்காத தரை, உட்கார்ந்து குளிக்க நாற்காலி, இழுத்தால் மணி அடிக்கிற சிவப்புக் கயிறு. அந்தக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். செப்டம்பரில் விழுந்தபோது நான் பிடிக்கப் போய் கையோடு வந்தது துண்டு மாட்டுகிற கம்பி. உன்னிடம் சும்மா வழுக்கினது என்று சொன்னேன். அரை மணி நேரம் தரையில் கிடந்தேன் மாலா. பாக்கியம் துணி எடுக்க வந்தபோதுதான் என் சத்தம் கேட்டிருக்கிறது.

அங்கே நம் ஆள் ஒருவர் இருக்கிறார், ரயில்வேயில் வேலை செய்தவராம். ஜன்னலோரம் மைலோ டின்னில் கறிவேப்பிலைக் கன்று வளர்க்கிறார். சாப்பாடு அவர்களே போடும்போது அந்த இலையை எதில் போடுவீர்கள் என்று கேட்டேன். ஒரு இலையைக் கிள்ளிக் கசக்கி என் கையில் கொடுத்தார். வாசனைக்கு என்றார்.

சரி, கணக்குக்கு வருகிறேன். தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணி வேலை பார்த்தவன், நோட்டில் எழுதிக்கொண்டு வந்தேன். தனி அறை மாதம் 3,000 வெள்ளி (ரிங்கிட்). இரண்டு பேர் சேர்ந்து இருக்கிற அறை 2,100. மூன்று வேளைச் சாப்பாடு, துணி துவைப்பது, அறை கூட்டுவது அதற்குள் அடக்கம். சேரும்போது இரண்டு மாத முன்பணம் 6,000, அது திரும்ப வரும். பதிவுப் பணம் 1,500, அது வராது. இதெல்லாம் உன் தாளிலேயே இருக்கிறது. தாளில் இல்லாததைத்தான் நான் கேட்டேன். மருந்து தனி. பேம்பர்ஸ் தனி. ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு ஆள் வந்தால் ஒவ்வொரு தடவையும் 80 வெள்ளி. முக்கியமானது இது: நான் சொன்ன விலையெல்லாம் சொந்தமாக எழுந்து நடமாடுகிற ஆளுக்கு. படுத்துவிட்டால் பக்கத்துக் கட்டடத்துக்கு மாற்றுவார்கள், அங்கே 3,800-லிருந்து தொடங்குகிறது. வருஷா வருஷம் விலை ஏற்றுவீர்களா என்று கேட்டேன். ஏற்றுவோம் என்றார்கள், எவ்வளவு என்று சொல்லவில்லை. முன்பணம் எத்தனை நாளில் திரும்ப வரும் என்றும் அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. நீ கையெழுத்துப் போடுவதாக இருந்தால் இந்த இரண்டையும் எழுத்தில் வாங்காமல் போடாதே. 1993-ஆம் வருஷத்துப் பராமரிப்பு மையச் சட்டப்படி சமூக நலத்துறையில் பதிந்த சான்றிதழ் இருக்கிறதா என்று பார்த்தேன். வாசலிலேயே மாட்டியிருக்கிறார்கள்.

இன்னொரு வகையும் இருக்கிறது. வீடு மாதிரியே கட்டி, ஆயுள் வரைக்கும் குத்தகையாக விடுகிறார்கள். மொத்தமாக ஒரு பெரிய தொகை கொடுத்து உள்ளே போக வேண்டும். வெளியே வரும்போதோ கண்ணை மூடும்போதோ, இருந்த வருஷத்துக்குக் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுப்பார்கள். பராமரிப்புப் பணம் மாதாமாதம் தனி. அதெல்லாம் கோலாலம்பூரில் பங்களா விற்றவர்களுக்கு. நம் தாமான் (குடியிருப்பு) வீட்டை விற்றால் கதவு வாங்கக்கூடப் போதாது. வீட்டைச் சகாமாஸ் என்கிற வீட்டுக்கடன் நிறுவனத்தில் அடமானம் வைத்து உயிரோடு இருக்கிற வரை மாதாமாதம் பணம் வாங்குகிற திட்டமும் இருக்கிறது, 55 வயது ஆனவர்களுக்கு. மாப்பிள்ளை அதைப் பற்றித்தான் பேச்செடுத்தார் என்று நினைக்கிறேன். அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். ஆனால் இந்த வீடு உனக்கும் தம்பிக்கும். அதைக் கரைத்துச் சாப்பிட எனக்கு மனசில்லை.

அரசாங்க உதவியும் விசாரித்தேன். தஞ்சோங் ரம்புத்தானில் இருக்கிற ஸ்ரீ கெனாங்கான் இல்லம் 60 வயதுக்கு மேல் வாரிசு இல்லாதவர்களுக்கு. நம் தோட்டத்துப் பெரியண்ணனுக்கு நான்தான் விண்ணப்பப் பாரம் நிரப்பிச் சேர்த்துவிட்டேன், உனக்கு ஞாபகம் இருக்கும். எனக்கு இரண்டு பிள்ளைகள் இருக்கிறீர்கள், அந்த வாசலில் நான் போய் நிற்க முடியாது, நிற்கவும் மாட்டேன். முதியோர் உதவித்தொகை 2025-லிருந்து மாதம் 600 ஆக்கியிருக்கிறார்கள். அது வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு. உனக்கு உதவுவது ஒன்று இருக்கிறது. பெற்றோரின் மருத்துவத்துக்கும் பராமரிப்புக்கும் செலவழித்ததற்கு வருமான வரியில் 8,000 வெள்ளி வரை கழிவு உண்டு. பராமரிப்பு தேவை என்று டாக்டர் எழுதிக் கொடுக்க வேண்டும். ரசீதுகளை எல்லாம் பத்திரமாக வை. நீ ரசீது வைக்கிற ஆள் இல்லை.

நம் தோட்டத்து லயத்து வீடுகளிலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் பிள்ளை நீ. கடிதம் வந்த அன்று செக்ரோல் (ஆள் வருகைப் பதிவு) எழுதுவதை நிறுத்திவிட்டு ஆபீஸ் முழுக்கக் காட்டினேன். இன்றைக்கும் கடைத்தெருவில் யாராவது கேட்டால் மகள் என்ன வேலையில் இருக்கிறாள் என்று நின்று சொல்லிவிட்டுத்தான் நகர்வேன். அதனால்தான் சொல்கிறேன், உன் ஈபிஎப் (ஊழியர் சேமநிதி) காசைத் தொடாதே. 2024 மே மாதத்திலிருந்து மூன்றாவது கணக்கு என்று ஒன்று வைத்து, எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்கிறார்கள். எடுக்காதே. எனக்காகவும் எடுக்காதே, கவின் படிப்புக்காகவும் எடுக்காதே. மாப்பிள்ளையிடமும் சொல்லி வை. உனக்கு ஓய்வு வயது வரும்போது நான் இருக்க மாட்டேன், இந்த 3,000 அப்போது எவ்வளவு ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார். ஈபிஎப் காசைத் தொடாதே.

இதை எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். 55 வயது ஆனதும் ஈபிஎப் காசை எடுக்கப் பாரம் நிரப்ப என்னிடம்தான் வருவார்கள். கிருஷ்ணன் மண்டோர் (மேஸ்திரி), ராஜம் அத்தை, எல்லாருக்கும் பாரம் நிரப்பிக் கட்டை விரலைப் பிடித்து மை ஒற்றிக் கொடுத்துவிட்டு, மொத்தமாக எடுக்காதே, மோட்டார் வாங்காதே, கடன் கொடுக்காதே என்று சொல்லித்தான் அனுப்புவேன்.

தீபாவளி அன்று நீ கேட்டாய், “அப்பா, பிக்சட் டெபாசிட்ல எவ்வளவு இருக்கு, அதுல முதல் மூணு வருஷம் ஓடிரும், அப்புறம் நானும் தம்பியும் பாத்துக்கிறோம்” என்று. உடனே நான், என்னைக் கொண்டுபோய்த் தள்ளப் பார்க்கிறாயா என்று கத்தினேன். பிள்ளை முன்னால் கத்தினேன். நீ எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவினாய். அன்றிலிருந்து நீ சரியாகப் பேசவில்லை.

அந்த டெபாசிட் இல்லை மாலா.

எனக்கு 2008-ல் 55 ஆனது. அந்த வருஷ ஈபிஎப் லாபஈவு 4.5 விழுக்காடு என்று பேப்பரில் பார்த்ததும் எனக்கு எரிச்சல். கூட வேலை பார்த்த ஒருவர் மாதம் 3 விழுக்காடு தருகிற திட்டம் என்றார். ஈபிஎப்பில் இருந்த 94,000 வெள்ளியையும் மொத்தமாக எடுத்தேன். 14,000-ல் கூரை மாற்றினோம், சித்தப்பா கல்யாணக் கடனை அடைத்தோம். 80,000-ஐ அதில் போட்டேன். நாலு மாதம் சொன்னபடி வந்தது. அதோடு சரி. எல்லாரும் சேர்ந்து போலீசில் ரிப்போர்ட் கொடுத்தோம், ஒரு காசும் திரும்பவில்லை. எடுக்காமல் விட்டிருந்தால் 100 வயது வரைக்கும் லாபஈவு போட்டுக்கொண்டே இருப்பார்கள். 2024-க்கு 6.3 விழுக்காடு கொடுத்தார்கள். ஒரு ராத்திரி உட்கார்ந்து வருஷம் வருஷமாகப் போட்டுப் பார்த்தேன். 94,000 இரண்டு மடங்கைத் தாண்டியிருக்கும்.

தாத்தா ஒரு ரப்பர் பால்மரத் தொழிலாளி. 1960-ல் துன் சம்பந்தன் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினபோது சேர்ந்து அவர் வாங்கின பங்கு இன்னும் இருக்கிறது. படித்த நான்தான் தொலைத்தேன்.

அம்மாவுக்கு மட்டும் தெரியும். 56 வயதில் தொழிற்சாலை கேன்டீனுக்கு அவள் வேலைக்குப் போனதற்கு நீ எவ்வளவு சண்டை போட்டாய். முட்டி வலியோடு விடியற்காலை நாலரைக்கு ஏன் வேன் ஏறுகிறாய் என்று கேட்டாய். வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை, அங்கே பேச்சுத்துணை இருக்கிறது என்று சிரித்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆறு வருஷம் போனாள். ஒரு நாள்கூட அந்தப் பணத்தைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவள் சாகும் வரைக்கும் உனக்கு அவள் மேல் அந்த வருத்தம் இருந்தது. அப்போதே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும்.

பேங்கில் இப்போது 11,400 இருக்கிறது. கோயில் கணக்கு எழுதுவதற்கு மாதம் 300 கொடுக்கிறார்கள். நீ அனுப்புகிற 500, தம்பி அனுப்புவது. இவ்வளவுதான். இரண்டு பேர் அறைக்குக்கூட மாதம் இன்னும் 1,000 போல உங்கள் இருவர் தலையில் விழும். அதனால் இந்த வருஷம் இங்கேயே இருக்கிறேன். குளியலறையில் கைப்பிடி அடிக்க ஆள் சொல்லிவிட்டேன். பாக்கியத்திடம் ஒரு சாவி கொடுத்திருக்கிறேன், காலையிலும் ராத்திரியிலும் எட்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அதற்குப் பிறகு நீங்கள் இருவரும் பேசி என்ன சொன்னாலும் கேட்கிறேன். அந்த இடம் எனக்குப் பிடித்திருந்தது, அதையும் மறைக்கவில்லை.

தைப்பூசத்துக்குக் கல்லுமலைக் கோயிலுக்கு வருவாய் அல்லவா? அம்மா எடுத்த பால்குடத்தைத் துலக்கி வைத்திருக்கிறேன். மாப்பிள்ளையையும் கூட்டி வா. அவரிடம் நான் நேரில் சொல்கிறேன். நீ முந்திக்கொண்டு சொல்லிவிடாதே. தம்பிக்கு ஞாயிற்றுக்கிழமை போன் போட்டுச் சொல்கிறேன்.

பேங்க் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை நகல் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். பார்த்துக்கொள்.

அன்புடன்
அப்பா