ஆஸ்திரேலியாவின் ஊட்னடட்டா பாதையிலிருந்து அம்மா

பாப்பா,

மூன்று நாளாக போன் எடுக்கவில்லை என்று கோபமாக இருப்பாய். மரீ என்ற ஊரைத் தாண்டியதும் சிக்னல் போய்விட்டது. அப்பாவும் நானும் நன்றாக இருக்கிறோம்.

அடிலெய்டில் 30 வருஷம் இருந்தும் இந்தப் பக்கம் நாங்கள் எட்டிப் பார்த்ததில்லை. இந்த ஊட்னடட்டா பாதை மரீயிலிருந்து மார்லா என்ற ஊர் வரை 600 கிலோமீட்டருக்கு மேல் மண்ரோடுதான். வரிவரியாக மேடு தட்டிய ரோட்டில் வண்டி உதறிய உதறலில் எலுமிச்சை ஊறுகாய் மூடி கழன்று, அப்பாவின் வேட்டியெல்லாம் எண்ணெய்! அப்புறம்தான் டயரில் கொஞ்சம் காற்றை இறக்கினார்.

மரீயில், அந்தக் காலத்தில் ஒட்டகங்களில் சரக்கு ஏற்றிப் போன ஒட்டகக்காரர்கள் தொழுத பழைய மசூதியைப் போலவே ஒன்றை மண்ணால் கட்டி வைத்திருக்கிறார்கள். அவர்கள் எல்லோரையும் ஆப்கானியர் என்றே இங்கே சொல்வார்கள். ஆனால் பலர் அன்றைய இந்தியாவின் பலுசிஸ்தான், பஞ்சாப் பக்கத்துக்காரர்கள். எனக்கு அங்கிருந்து கிளம்பவே மனம் வரவில்லை.

கர்டிமுர்க்காவில் பழைய ரயில் நிலையம் அப்படியே நிற்கிறது. 1980இல் அந்த வழியில் ரயிலை நிறுத்திவிட்டார்கள். இந்தப் பொட்டல் வழியாக ஏன் தண்டவாளம் போட்டார்கள் என்று கேட்டேன். "தண்ணீர்" என்றார் அப்பா. வரிசையாக ஊற்றுகள் இருக்கின்றன. பழங்குடி மக்கள் நடந்த வழியும், 1872இல் முடிந்த தந்திக் கம்பியும், ரயிலும் எல்லாம் அவற்றைப் பிடித்துக்கொண்டே போயிருக்கின்றன.

அதில் ஓர் ஊற்றைக் குனிந்து பார்த்தேன். அடியிலிருந்து மணல் சுழன்று சுழன்று, கஞ்சி கொதிப்பதுபோல் குமிழ் விடுகிறது. பல லட்சம் வருஷத்துக்கு முன்னால் பெய்த மழை, பூமிக்குள்ளேயே நடந்து வந்து இங்கே தலை காட்டுகிறதாம்.

ராத்திரி கவர்ட் ஸ்பிரிங்ஸில் டென்ட் போட்டோம். பக்கத்தில் பேரீச்ச மரங்கள். மரத்தொட்டியில் வெதுவெதுப்பான ஊற்றுநீர். என் முட்டிவலிக்கு அவ்வளவு இதமாக இருந்தது. வானம் முழுக்க நட்சத்திரம். அப்பா ரொம்ப நேரம் பேசவே இல்லை. பிறகு, "பாப்பாவைக் கூட்டி வந்திருக்கலாம்" என்றார்.

பத்து வயதில் நீ டென்ட் டென்ட் என்று கேட்டபோதெல்லாம், ஷிப்ட் வேலை என்று தட்டிக் கழித்தோம். அது எனக்குள் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அடுத்த ஜூலையில் லீவு போட்டு வா. இங்கே ஜூலையில் குளிர்காலம், அதுதான் சரி; கோடையில் வேண்டவே வேண்டாம். ஊட்னடட்டாவில் 1960 ஜனவரியில் 50.7 டிகிரி அடித்திருக்கிறது.

உனக்கும் ஒரு ஸ்லீப்பிங் பேக் வாங்கி வைத்துவிட்டேன். நீல நிறம்.

அம்மா