உப்பு சாரமற்றுப் போகுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘நீங்கள் பூமிக்கு உப்பாயிருக்கிறீர்கள்’ என்னும் மலைப்பிரசங்க வசனத்தைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு ஆன்மிகப் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கட்டுரையாளர் பக்தியோடும் நல்லெண்ணத்தோடும்தான் எழுதியிருக்கிறார். ஆயினும், உப்பு எக்காலத்திலும் சாரம் இழக்காத பொருள் என்றும், ஆகவே ‘உப்பு சாரமற்றுப் போனால்’ என்று அதே வசனத்தில் தொடரும் இயேசு நடக்கவே முடியாத ஒன்றைக் கற்பனையாகச் சொன்னார் என்றும் அவர் எழுதியிருந்ததைக் கண்டு வருந்தினேன். நான் தூத்துக்குடிக்காரி. என் தாயார் முப்பது ஆண்டுகளுக்குக் குறையாமல் உப்பளத்தில் கூலிக்கு உப்புச் சுமந்து என்னைப் படிக்க வைத்து ஆசிரியை ஆக்கினார். உப்பு சாரமற்றுப் போவதை நான் பத்து வயதிலேயே கண்ணால் கண்டு, நாக்கில் வைத்தும் பார்த்திருக்கிறேன் என்பதால் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் தை, மாசியில் தொடங்கும் உப்புக் காலம் வடகிழக்குப் பருவமழை இறங்கும் வரையில்தான் நீடிக்கும். பாத்தியில் விளைந்த உப்பை ஆண்கள் வாருபலகையால் வாரி வரப்பில் ஒதுக்க, பெண்கள் அதைப் பெட்டியில் அள்ளித் தலைச்சுமையாகக் கொண்டுபோய் மேட்டில் அம்பாரமாகக் கொட்டுவார்கள். வெயில் ஏறிவிட்டால் வெண்மையின் கூச்சத்தில் கண் திறக்க முடியாது என்பதால் விடியுமுன்பே வேலை தொடங்கிவிடும். மழைக்கு முன் அம்பாரத்தைப் பனையோலையால் மூடி வைப்பார்கள். காற்றில் ஓலை விலகிய இடத்தில் மழைநீர் இறங்கிவிட்டால், உப்பு கரைந்து வழிந்தோடிவிடும். கார்த்திகை கழிந்து ஓலையைப் பிரிக்கும்போது, அந்த இடத்தில் மண்ணும் ஜிப்சமும் கலந்த சாம்பல் நிறக் கசடு ஒன்று தங்கியிருக்கும். பார்வைக்கு அதுவும் உப்புதான். நான் அதில் ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டபோது பல்லில் நறநறத்ததே தவிரக் கொஞ்சமும் கரிக்கவில்லை. ‘உப்பு கெட்டுப் போச்சாம்மா?’ என்று கேட்டேன். ‘உப்பு எங்கட்டி கெட்டுப் போவுது? உப்பு போயிரும், பேரு மட்டும் கெடக்கும்’ என்று சொல்லிவிட்டு, அம்மா அதைக் கூடையில் அள்ளி, சுமை தூக்கும் பெண்கள் வழுக்கி விழாதிருக்கும்படி சேறான நடைபாதையில் கொட்டிப் பரப்பினார்.

வெளியே கொட்டப்படுவதற்கும் மனுஷரால் மிதிக்கப்படுவதற்குமே ஒழிய வேறொன்றுக்கும் உதவாது என்று ஞாயிறு பள்ளியில் நான் மனப்பாடமாக ஒப்பித்திருந்த வசனம் (மத்தேயு 5:13) அன்று என் காலடியில் கிடந்தது. இயேசு வாழ்ந்த நாட்டிலும் இதுவே நடந்திருக்க வேண்டும் என்று வேத விளக்கவுரைகள் சொல்கின்றன. அங்கே சவக்கடலின் கரையிலும் அதன் சதுப்புகளிலும் எடுக்கப்பட்ட உப்பு தூய்மையானதன்று. பிற தாதுக்களும் மண்ணும் அதில் கலந்திருந்தன. ஈரம் பட்டால் உண்மையான உப்பு கரைந்துபோய், உருவம் மட்டும் மிஞ்சும். மலையடிவாரத்தில் உட்கார்ந்து கேட்ட மக்களுக்கு இதற்கு உரை எதுவும் தேவைப்பட்டிராது. இன்று கடையில் பொட்டலமாகக் கிடைக்கும் சுத்திகரித்த உப்பை மட்டுமே அறிந்த நமக்குத்தான் அது நடக்க முடியாத கற்பனையாகத் தோன்றுகிறது.

இந்த வசனத்திலுள்ள ஒரு சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘சாரமற்றுப் போனால்’ என்று நாம் படிக்கிற இடத்தில் கிரேக்க மூலத்தில் இருக்கும் வினைச்சொல்லுக்கு ‘மதிகெட்டுப் போதல்’ என்ற பொருளும் உண்டு. சுவை இழப்பதையும் புத்தி இழப்பதையும் ஒரே சொல்லால் குறிப்பது அயல்மொழிக்கே உரிய விநோதம் என்று யாரும் நினைக்க வேண்டாம். பொருளில்லாமல் பேசுகிறவனின் பேச்சை உப்புச் சப்பில்லாத பேச்சு என்கிறோம். மானமும் உணர்ச்சியும் அற்றவனைப் பார்த்து, ‘நீ சோற்றில் உப்புப் போட்டுத்தான் சாப்பிடுகிறாயா?’ என்று கேட்கிறோம். ‘உப்பில்லாப் பண்டம் குப்பையிலே’ என்பது நம் பழமொழி. சாரமற்ற உப்பு நிலத்துக்கும் உதவாது, எருவுக்கும் உதவாது என்று லூக்கா 14-ஆம் அதிகாரத்தில் வருவதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பழமொழியும் நினைவுக்கு வரும். கொலோசெயருக்கு எழுதிய நிருபத்தில், விசுவாசிகளின் பேச்சு உப்பால் சாரமேறினதாய் இருக்க வேண்டும் என்கிறார் பவுல். தமிழ் பேசி வளர்ந்தவர்களுக்கு அதை விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்லை.

அதே வசனத்தில் இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. ‘உப்பாயிருங்கள்’ என்று இயேசு கட்டளையிடவில்லை, ‘உப்பாயிருக்கிறீர்கள்’ என்கிறார். பெரும்பாலான பிரசங்கங்கள் இதை முயற்சி செய்து அடைய வேண்டிய ஒரு நிலையாக மாற்றிவிடுகின்றன. பாத்தியில் நின்றவர்களுக்கு இந்த வேறுபாடு புரியும். உப்பு தன்னை உப்பாக்கிக்கொள்வதில்லை. உப்புநீரின் அடர்த்தியை அளக்கும் போமே அளவில் ஏறத்தாழ 3 டிகிரியோடு வரும் கடல்நீரைத் தெப்பம் என்னும் பெரிய தேக்கத்தில் கட்டி, வெயிலிலும் காற்றிலும் நாள் கணக்கில் காயவிட்டு, பாத்திக்கு மாற்றி, ஏறக்குறைய 25 டிகிரியை எட்டும்போது உப்பு தானாகப் பூக்கத் தொடங்கும். சூரியன் செய்கிற அந்த வேலையை வாருகிறவர் செய்ய முடியாது. அவருடைய வேலை, வந்ததைக் காப்பதும், மழையில் கரையவிடாமல் மூடுவதும்தான்.

காப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. உப்பு விழுந்த பிறகும் அதே நீரைப் பாத்தியில் வைத்திருந்தால் இன்னும் கொஞ்சம் உப்புக் கிடைக்கும் என்ற ஆசை எவருக்கும் வரும். ஆனால் அடர்த்தி 29, 30 டிகிரியை நெருங்கும்போது அந்த நீரில் மக்னீசிய உப்புகள் மிகுந்துவிடும். அதற்கு மேலும் விட்டுவைத்தால் விளைந்த நல்ல உப்பும் கசந்துபோகும். எனவே கைதேர்ந்தவர் நேரம் பார்த்து அந்தக் கசப்பு நீரைத் திறந்து வெளியேற்றிவிடுவார். எங்கள் தெருவில் சொத்துத் தகராறில் பல ஆண்டுகள் பேசாமலிருந்த இரண்டு சகோதரர்களைப் பார்த்து என் தாயார், ‘கசப்புத் தண்ணிய இவ்வளவு நாளு பாத்தியிலயே கட்டி வச்சிருக்கானுவளே’ என்று வருந்தியதைக் கேட்டிருக்கிறேன். சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக எரிச்சல் தணிய வேண்டும் என்று எபேசியர் நிருபத்தில் இருப்பதை எழுத்தறியாத அவர் ஆலயத்தில் காதால் கேட்டுத்தான் அறிவார். ஆனால் அந்த வசனத்துக்கு அவர் சொன்னதைவிடச் சரியான ஓர் உரையை நான் எந்த நூலிலும் வாசித்ததில்லை. ‘உங்களுக்குள்ளே உப்புடையவர்களாயிருங்கள், ஒருவரோடொருவர் சமாதானமுள்ளவர்களாயும் இருங்கள்’ என்று மாற்கு 9-ஆம் அதிகாரத்தின் முடிவில் உப்பும் சமாதானமும் ஒன்றாக வருவது ஏன் என்பதும் அன்றைக்குத்தான் எனக்கு ஓரளவு விளங்கியது.

அன்றாட வாழ்க்கையிலிருந்து விசுவாசப் பாடங்களை எடுக்கும் வழக்கம் இன்று பெருகியிருக்கிறது. அதை நான் வரவேற்கிறேன். ஆயினும் என் மனத்தில் ஒரு குறை உண்டு. ஜெபம் என்பது கைப்பேசிக்குச் சார்ஜ் போடுவது போன்றது, வேதம் என்பது வழிகாட்டும் வரைபடச் செயலி போன்றது என்னும் ஒப்புமைகளை வாரந்தோறும் கேட்கிறோம். அவை தவறானவை அல்ல. ஆனால் அவற்றில், நாம் முன்பே அறிந்த ஒரு கருத்துக்கு ஒரு பொருள் அலங்காரமாக மாட்டப்படுகிறது. அந்தப் பொருளை உற்றுப் பார்த்ததால் புதிதாக எதுவும் கிடைப்பதில்லை. இயேசுவின் உவமைகளில், பொருளை நன்றாக அறிந்தவர்களே திடுக்கிட்டிருப்பார்கள். யூதர்களின் பஸ்கா பண்டிகைக்கு முன் வீட்டைவிட்டே விலக்கப்படும் புளித்தமாவைப் பரலோக ராஜ்யத்துக்கு ஒப்பிட்டு, அதை ஒரு பெண் மூன்றுபடிமாவில் அடக்கிவைத்ததாகச் சொன்னபோது, தினமும் மாவு பிசைந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்திருக்க வேண்டும். லூக்கா 15-ஆம் அதிகாரத்தில் காணாமற்போன ஆட்டைத் தேடும் மேய்ப்பனுக்கும், இளைய குமாரனை ஏற்றுக்கொள்ளும் தகப்பனுக்கும் நடுவே, விளக்கைக் கொளுத்தி வீட்டைப் பெருக்கித் தொலைந்த வெள்ளிக்காசைத் தேடுகிற ஒரு பெண் நிற்கிறாள். மற்ற இருவரைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்களைக் கேட்டிருக்கிறேன். துடைப்பத்தோடு நிற்கும் அவளைப் பற்றி என் அறுபத்தெட்டு வயதுக்குள் இரண்டே முறைதான் கேட்டிருக்கிறேன்.

உவமைக்கான பொருளைப் பிரசங்கத்துக்கு எடுத்துக்கொண்டு, அந்தப் பொருளை விளைவித்தவரை விட்டுவிடுவதும் சரியன்று. உப்பைப் பற்றிப் பேசுகிற அதே வேதம், அதை வாருகிறவரைப் போன்றவர்களின் கூலியைப் பற்றியும் பேசுகிறது. வயலை அறுத்த வேலைக்காரருடைய பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதுகிறார். கூலியாளின் கூலியை அவன் வேலை செய்த நாளிலேயே, பொழுது போகுமுன்னே கொடுத்துவிட வேண்டும் என்று உபாகமம் 24-ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. சூரியன் மறைவதற்குள் கைவிட வேண்டியவையாக வேதம் சொல்லும் கோபத்தையும் கூலியையும் சேர்த்துப் பேசிய ஒரு பிரசங்கத்தை நான் இன்னும் கேட்கவில்லை. மழைக்காலத்தில் வேலையும் கூலியும் இல்லாமல் என் தாயார் அண்டைவீட்டில் அரிசி கடன் கேட்டு நின்ற நாட்களில், எங்கள் ஆலயத்தில் அறுப்பின் பண்டிகை நடக்கும். நெல்லும் வாழைத்தாரும் காய்கறிகளும் பீடத்துக்கு முன் அழகாக அடுக்கப்பட்டிருக்கும். உப்பு இருக்காது. உப்பு விளைவிக்கிற ஊரில், எந்தப் போஜன பலியும் (மாவாகவோ தானியமாகவோ படைக்கும் காணிக்கை) உப்பில்லாமல் செலுத்தப்படக் கூடாது என்று லேவியராகமம் 2-ஆம் அதிகாரம் சொல்லியிருந்தும், அது யாருக்கும் தோன்றியதில்லை. ஓர் ஆண்டு என் தாயார் கைக்குட்டையில் முடிந்துகொண்டு போன இரண்டு பிடி உப்பைப் பொறுப்பாளர் ஒருவர், இது காணிக்கையில் சேராது என்று சொல்லித் திருப்பித் தந்துவிட்டார். அம்மா எதுவும் பேசாமல் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, அடுப்படியில் ஜாடியில் கொட்டினார்.

ஆகவே தங்களிடம் நான் வைக்கும் வேண்டுகோள் இது. தங்கள் ஞாயிறு பக்கத்தில் போதகர்களும் பேராசிரியர்களும் எழுதுவது தொடரட்டும். அவர்களோடு, உப்பு வாருகிறவர், வலை பின்னுகிறவர், ரொட்டி சுடுகிறவர், ஆடு மேய்க்கிறவர் ஆகியோரிடம் அவரவர் தொழிலோடு தொடர்புடைய வேதப்பகுதியைப் படித்துக்காட்டி, அவர்கள் சொல்வதை அவர்கள் சொன்ன விதத்திலேயே மாதம் ஒருமுறையாவது வெளியிடுங்கள். எழுதத் தெரியாதவர்களிடம் கேட்டு எழுதித்தர என்னைப் போன்ற ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறோம். எங்கள் பகுதியில் என் தாயாரோடு சுமை தூக்கிய பெண்களில் இன்னும் மூவர் உயிரோடிருக்கிறார்கள். ஐப்பசி மழை தொடங்கி அம்பாரங்களை ஓலையால் மூடும் நாட்களில் அவர்களுக்கு ஓய்வு இருக்கும். தாங்கள் இசைவு தெரிவித்தால், அவர்களிடம் மத்தேயு 5-ஆம் அதிகாரத்தை வாசித்துக்காட்டி, அவர்கள் சொல்வதை நானே எழுதி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
தூத்துக்குடி.