வைரஸ் தன்னையே ஏன் அடக்கி வைக்கிறது: அக்காவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் இங்கே நலம். 'நாள் முழுக்க அங்கே என்னதான் செய்கிறாய், வைரஸோடு வேலை செய்வது ஆபத்தில்லையா' என்று கேட்டாயே, அது போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

குளிர்காலம் என்பதால் நான்கு மணிக்கே இருட்டிவிடுகிறது, நான் லேபுக்குள் இருப்பதால் பல நாள் அதுகூடத் தெரிவதில்லை. செல்களுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது, வளர்ப்புத் திரவத்தை மாற்ற யாராவது வந்தாக வேண்டும். லேப் மீட்டிங்கில் நேற்று சேர்ந்த மாணவர்கூடப் பேராசிரியரிடம் 'இந்த முடிவை நான் நம்பவில்லை' என்று நேராகச் சொல்லலாம், அது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. ஆபத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். எல்லா வேலையும் காற்றை வடிகட்டும் கண்ணாடிப் பெட்டிக்குள், கையுறையோடுதான். அதோடு நான் பார்க்கிற ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் 1 உலகில் பாதிப் பேருக்கு மேல் ஏற்கெனவே உடம்பில் இருக்கிற வைரஸ். காய்ச்சல் வந்தால் உனக்கு உதட்டோரம் கொப்புளம் வருமே, பெரும்பாலும் அதற்குக் காரணம் இதுதான்.

ஒவ்வொரு முறையும் அது வெளியிலிருந்து புதிதாக வருவதில்லை அக்கா. முதல் தடவை நுழைந்தபோதே நரம்பு வழியாக ஏறி, முகத்தின் உணர்வு நரம்புகள் சேரும் முடிச்சில் போய்ப் படுத்துக்கொள்கிறது, ஆயுள் முழுக்க அங்கேதான். அதனிடம் எண்பதுக்கும் மேற்பட்ட மரபணுக்கள் இருந்தும் உறங்குகிற சமயத்தில் ஏறக்குறைய எல்லாம் மௌனம், லேட் என்று அழைக்கப்படும் ஒரு நீளமான ஆர்.என்.ஏ. (டி.என்.ஏ.விலிருந்து எடுக்கப்படும் நகல்) மட்டும் ஏராளமாக உருவாகிறது. அதிலிருந்து எந்தப் புரதம் வருகிறது என்று பல வருடம் தேடியும் உருப்படியாக எதுவும் கிடைக்கவில்லை. 2008இல் டியூக் பல்கலைக்கழகத்தில் பிரையன் கல்லனின் குழு அதை வேறு கோணத்தில் பார்த்தது: லேட் வெட்டுப்பட்டு மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களாக மாறுகிறது.

மைக்ரோ ஆர்.என்.ஏ. என்பது சுமார் 22 எழுத்து (மரபுக் குறியீட்டின் அலகைத்தான் எழுத்து என்கிறேன்) நீளமுள்ள ஒரு ஆர்.என்.ஏ. துணுக்கு, அவ்வளவுதான். நம் செல்லிலும் நூற்றுக்கணக்கில் உண்டு. முதலில் கண்டது 1993இல், ஒரு புழுவில். அதற்காக ஆம்ப்ரோஸுக்கும் ருவ்குனுக்கும் 2024இல் நோபல் கொடுத்தார்கள். ட்ரோஷா, டைசர் என்ற இரண்டு நொதிகள் நீண்ட ஆர்.என்.ஏ.வை நறுக்க, ஆர்கோனாட் என்ற புரதம் துணுக்கைப் பிடித்துக்கொண்டு, புரதம் செய்வதற்கான குறிப்பைச் சுமக்கும் தூது ஆர்.என்.ஏ.க்களில் பொருத்தம் தேடுகிறது. ஜிப்பின் இரண்டு பக்கப் பற்கள் போல முழுதும் பொருந்தினால் அந்தத் தூது ஆர்.என்.ஏ. துண்டாகும், துணுக்கின் தொடக்கத்தில் ஆறேழு எழுத்து மட்டும் பொருந்தினாலும் புரத உற்பத்தி குறையும். இந்தக் கருவிகள் எல்லாமே நம்முடையவை, வைரஸ் கொண்டுவருவது துணுக்குக்கான எழுத்துகளை மட்டும்தான்.

அதை வைத்து அது நம் மரபணுக்களை அடக்கினால் ஆச்சரியமில்லை, தன்னுடையதையே அடக்குகிறது என்பதுதான் என்னை இந்த லேபுக்குக் கொண்டுவந்தது. ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸில் ஐசிபி0 என்ற மரபணுதான் வைரஸை எழுப்பிவிடுகிறது. அதே டி.என்.ஏ.வின் எதிர் இழையிலிருந்து வருகிறது மிர்-எச்2 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ., அதனால் இரண்டும் அச்சு அசலாகப் பொருந்தும். அதே ஹெர்பிஸ் குடும்பத்தைச் சேர்ந்த எப்ஸ்டீன்-பார் வைரஸிலும் இப்படித்தான். வைரஸ்களிலேயே முதல் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களை 2004இல் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் தாமஸ் டுஷ்லின் குழு அதில்தான் கண்டது, அவற்றில் ஒன்று வைரஸின் சொந்த டி.என்.ஏ. பாலிமரேஸுக்கான (டி.என்.ஏ.வை நகலெடுக்கும் நொதி) தூது ஆர்.என்.ஏ.வுக்கு நேர் எதிரே அமைந்திருந்தது.

எனக்கு மிகப் பிடித்தது அதே குடும்பத்துச் சைட்டோமெகலோ வைரஸின் கதை. அதன் மிர்-யுஎல்112-1 என்ற துணுக்கு, பெருக்கத்தைத் தொடங்கிவைக்கும் ஐஇ1 புரதத்தைக் குறைக்கிறது. நோயை எதிர்க்கும் நம் டி செல்கள் அந்த வைரஸை அடையாளம் காணப் பெரிதும் நம்புகிற புரதங்களில் ஐஇ1 ஒன்று, ஆக அதைக் குறைத்தால் உறக்கமும் கலையாது, காட்டிக்கொடுக்கவும் ஆள் இல்லை. இது போதாதென்று அதே துணுக்கு நம் செல்லின் எம்ஐசிபி என்ற புரதத்தையும் குறைக்கிறது, ஆபத்தில் இருக்கும் செல் கொல்லி செல்களைக் கூப்பிடுவது அதை வைத்துத்தான். 22 எழுத்தில் இத்தனை வேலை! இதற்கு ஒரு புரதத்தை வைத்திருந்தால் அந்தப் புரதமே நோய் எதிர்ப்பு மண்டலத்தின் கண்ணில் பட்டிருக்கும், ஆர்.என்.ஏ.வுக்கு அந்தக் கவலை குறைவு.

சரி, மிர்-எச்2வை எடுத்துவிட்டால் வைரஸ் விழித்துக்கொள்ளுமா? இங்கேதான் லேபில் சண்டையே நடக்கிறது. எலிகளில் பார்த்த ஒரு குழு பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை என்றது, பிறகு வேறொரு வைரஸ் ரகத்தில் பார்த்த இன்னொரு குழு விழிப்பு கூடுகிறது என்றது. எனக்குத் தோன்றுவது, ஒரு துணுக்கு மட்டும் தனியாக உறக்கத்தைத் தாங்கவில்லை, பல சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக அழுத்துகின்றன. ஆனால் சோதிப்பது எளிதில்லை. துணுக்கின் எழுத்தை மாற்றினால் எதிர் இழையில் ஐசிபி0வின் எழுத்தும் மாறும், அதனால் அமினோ அமிலம் மாறாதபடி மூன்றெழுத்துத் தொகுப்புகளில் கடைசி எழுத்தைத் தேடித் தேடி மாற்ற வேண்டியிருக்கிறது. என் நாள் முழுக்க இதில்தான் போகிறது.

அசைக்ளோவிர் போன்ற மருந்துகள் பெருகுகிற வைரஸைத்தான் தடுக்கும், உறங்குகிற வைரஸை அவை தொடுவதில்லை. உறக்கத்தைப் பிடித்து வைப்பது எது என்று தெரிந்தால்தான் அடுத்த மருந்தைப் பற்றி யோசிக்கவே முடியும். மாற்றிய வைரஸ் இப்போது தயார், அடுத்த வாரம் தட்டில் வளரும் நரம்பு செல்களில் அதை விட்டுப் பார்க்கப் போகிறேன். முடிவு எப்படி வந்தாலும் எழுதுகிறேன். அம்மாவுக்கும் இதைப் படித்துக் காட்டு, புரியாத இடத்தைக் குறித்து வைத்துக் கேள்.

அன்புடன்,
உன் தங்கை