தம்பி வந்துவிட்டான்: எல்லாருக்கும் நன்றி

புழல் காவாங்கரை இலங்கைத் தமிழர் அகதி முகாமில் விஷயம் தெரியாதவர் யாரும் இல்லை. ஜாமீன் கிடைத்த தம்பியை வெளியே விடாமல், வெளிநாட்டவரை அடைத்துவைக்கும் சிறப்பு முகாமுக்கு அனுப்பினார்கள்; அதை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் மனுப் போட்டோம். மற்றதைத் திரும்பச் சொல்லவில்லை. தம்பி வீட்டுக்கு வந்துவிட்டான், சாப்பிட்டுத் தூங்குகிறான்.

பாரிமுனை தம்புச் செட்டித் தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அண்ணனுக்குத்தான் முதல் நன்றி. பெயர் போடாதீங்க என்றார், போடவில்லை. எங்களிடம் இருந்த சிறப்பு முகாம் உத்தரவு, நகலுக்கு நகல். பாதி எழுத்து மங்கி, மடித்த இடத்தில் ஒரு வரியே அழிந்து போயிருந்தது. இதைப் படிக்க முடியாவிட்டால் மனு நம்பரே ஆகாது, அதாவது கோர்ட்டில் விசாரணைக்கே எடுக்க மாட்டார்கள் என்று சொல்லிவிட்டார்கள். அண்ணன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, தாளை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து, வரி வரியாகப் பார்த்து, படிக்கிற மாதிரி புதிதாக டைப் அடித்துக் கொடுத்தார். நடுவில் நிமிர்ந்து, "ஜாமீன் ஆர்டரும் இதுவும் ஒரே தேதியா இருக்கேம்மா, வக்கீல்கிட்ட சொன்னீங்களா?" என்றார். அதுவரை எங்களில் யார் கண்ணிலும் அது படவில்லை. வக்கீல் அம்மா மனுவில் முதலில் வைத்ததே அந்தத் தேதியைத்தான். காசு கொடுத்தால், "பையன் வரட்டும், பாத்துக்கலாம்" என்று தள்ளிவிட்டார்.

குண்டர் சட்டத்தில் உள்ளே போட்டால்கூட அந்தக் காவல் சரியா என்று பார்க்கும் அறிவுரைக் கழகம் விசாரிக்கும், 12 மாதம் என்று வரம்பு உண்டு. தம்பியைச் சிறப்பு முகாமுக்கு அனுப்பியது, 2025-இல் நீக்கப்பட்ட 1946 வெளிநாட்டவர் சட்டத்தில்; எத்தனை நாள் என்று யாரும் சொல்லவில்லை. போய்க் கேட்க ஒரு குழுவும் இருக்கவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இந்தியாவில் இல்லை, 1951 ஐ.நா. அகதிகள் ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்தும் போடவில்லை. மிச்சம் உயர் நீதிமன்றம்தான். உயிருக்கும் சுதந்திரத்துக்கும் பாதுகாப்புத் தரும் அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு குடியுரிமை இல்லாதவருக்கும் பொருந்தும் என்று வக்கீல் அம்மா சொன்னபோது, அகதி முகாமிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபமும்தான்.

ஃபீஸ் வாங்காத வக்கீல் அம்மா, ஜாமீனுக்கு நின்ற செங்குன்றம் மாமா, பிள்ளைகளுக்குச் சோறு போட்ட பக்கத்து வரிசை அக்காமார், பெயிண்டிங் வேலையில் தம்பியின் இடத்தை வேறு யாருக்கும் கொடுக்காத மேஸ்திரி, எல்லாருக்கும் நன்றி.

இனி முகாமில் யார் கைக்கு அப்படி ஓர் உத்தரவு வந்தாலும் அன்றைக்கே என்னிடம் கொண்டுவாருங்கள். மங்குவதற்குள் நல்ல நகல் எடுத்து, பாரிமுனை வரை நானே கூட வருகிறேன். அண்ணா, திங்கட்கிழமை தம்பியோடு கடைக்கு வருகிறோம். இந்தத் தடவை காசை வாங்கிக்கொள்ள வேண்டும்.