செவ்வாய், வெள்ளி, செவ்வாய்

மதுரை,
ஞாயிறு சாயங்காலம்

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் கிடைத்து நாலு வாரம் ஆகப்போகிறது. பதில் போடாததற்கு என் பூனை மங்கம்மாதான் காரணம். உன் கடிதத்தைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் என்னைக் கீறினாள். அன்றிலிருந்து ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்துகொண்டிருக்கிறேன். பதறாதே, நன்றாகத்தான் இருக்கிறேன்.

போன தடவை நீ வந்தபோது அவளை முழுதாகப் பார்த்திருக்க மாட்டாய். கட்டிலுக்கடியில் இரண்டு கண் மட்டும் தெரிந்திருக்கும். வெள்ளை, கறுப்பு, செம்பட்டை மூன்றும் திட்டுத் திட்டாகக் கலந்த உடம்பு. இப்படி மூன்று நிறமும் இருந்தால் அது அநேகமாகப் பெண்பூனைதானாம். கறுப்பா செம்பட்டையா என்பது எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது, ஆணுக்கு அது ஒன்றுதான், ஆகவே இரண்டில் ஒரு நிறம்தான் வரும் என்று கால்நடை டாக்டர் சொன்னார். மங்கம்மா என்ற பேர் இவர் வைத்தது. வைத்த வேளையோ என்னவோ, ராஜ்யம் அவளுடையதுதான்.

அவளைத் தடவுவதற்கு ஒரு கணக்கு உண்டு. நெற்றியில் ஒன்று, காதுக்குப் பின்னால் ஒன்று, முதுகில் ஒன்று. மூன்று வரைக்கும் கண்ணைச் சொருகிக்கொண்டு குர்ர்ரென்று மோட்டார் ஓட்டுவாள். நாலாவதற்குக் கை போனால் வால் நுனி மட்டும் ஒரு தடவை சொடுக்கும். காது இரண்டும் பக்கவாட்டில் படியும். அப்போதே கையை எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் அது நம் தப்பு. ஆறு வருஷமாக இந்தக் கணக்கு எனக்குத் தவறியதில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை உன் கடிதத்தில் "வலது கண்ணில் புரை என்று சொல்லிவிட்டார்கள், பழுக்கட்டும் என்று விட்டிருக்கிறேன்" என்ற வரிக்கு வந்தேன். என்ன இவள் இப்படி எழுதுகிறாள் என்று மறுபடி அதையே படித்தேன். கை பாட்டுக்குத் தடவிக்கொண்டிருந்திருக்கிறது. ஐந்தோ ஆறோ, யார் கண்டது. மணிக்கட்டிலிருந்து முழங்கைப் பக்கமாக மூன்று கோடு. நன்றி, கணக்கு டீச்சர்.

இரத்தம் வரவில்லை, சிவந்து தடித்திருந்தது. மஞ்சளைக் குழைத்துப் பூசினேன். எதிர்வீட்டுப் பெண் பார்த்துவிட்டு, "ஊசி போட்ட பூனையாம்மா?" என்றாள். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். மங்கம்மாவுக்கு வெறிநோய் ஊசி உட்பட ஒரு ஊசியும் போட்டதில்லை. வீட்டுப் பூனைதானே என்று விட்டிருந்தேன். ஆனால் ராத்திரி மொட்டைமாடி வழியாக எங்கெங்கே போய்வருகிறாள் என்று யாருக்குத் தெரியும்?

அரசு மருத்துவமனையில் இளவயது டாக்டர் ஒருத்தி. மஞ்சளைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. ஓடுகிற குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவ வேண்டும், மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் அதன்மேல் படக்கூடாது என்றாள். அங்கேயே குழாயடியில் நிற்கவைத்துக் கழுவச் சொன்னாள். பேத்தி வயசுப் பெண்ணிடம் திட்டு வாங்குவது ஒரு மாதிரி சுகமாகத்தான் இருந்தது. இரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றியும் ஒரு மருந்து ஏற்றியிருப்பார்களாம். எனக்குத் தோளில் மட்டும், இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. நம் காலத்தில் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்று சொல்லிப் பயமுறுத்துவார்களே, அதெல்லாம் போயே போச்சு. இது எறும்பு கடித்த மாதிரி. காசும் இல்லை.

உனக்குப் பிடிக்கிற விஷயம் ஒன்று. ஊசி போடும் நாட்கள் 0, 3, 7, 28. முதல் நாளை ஒன்று என்று எண்ணாமல் பூஜ்யம் என்றுதான் எண்ணுகிறார்கள். சீட்டில் தேதி எழுதிக் கொடுத்தார்கள், எனக்கு அது தேவையே படவில்லை. செவ்வாய், வெள்ளி, செவ்வாய், கடைசியாக இன்னொரு செவ்வாய். மீனாட்சி கோயிலுக்குப் போகிற கிழமைகள் அப்படியே ஆஸ்பத்திரிக்கு மாறிவிட்டன. பூனையைப் பத்து நாள் கண்ணில் படுகிற மாதிரி வைத்துக்கொள்ளவும் சொன்னார்கள். அந்தப் பத்து நாளும் மங்கம்மா குத்துக்கல் மாதிரி இருந்தாள். பசி, கோபம் இரண்டும் வழக்கம் போல.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முதல் நாள் சீட்டு எழுதும்போது அந்தப் பெண், "சுகர் இருக்கா? கடைசியா எப்ப பார்த்தீங்க?" என்று கேட்டாள். "மூணு மாசம் முன்னாடி" என்றேன். வாய் கூசாத பொய். இவர் இருந்தவரை அந்த ஃபைல் அவர் கையில்தான் இருந்தது. எண்ணை எழுதி, அடியில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, அடுத்த தேதியைச் சிவப்பு மையில் எழுதுவார். எனக்கு அதெல்லாம் வேடிக்கையாக இருக்கும். அவர் போன பிறகு நான் அதைத் திறக்கவில்லை. ஒன்றரை வருஷம், கோமதி. மாத்திரை மட்டும் பழைய சீட்டைக் காட்டி வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். இதை உன்னிடம்கூடச் சொல்லவில்லை, பார்.

வெள்ளிக்கிழமை இரண்டாவது ஊசி போட்டுக்கொண்டு வந்து அன்று ராத்திரி ஃபைலை எடுத்தேன். சனிக்கிழமை வெறும் வயிற்றோடு இரத்தம் கொடுக்கப் போனேன். கிளம்புவதே பெரிய பாடு. ஆறு மணிக்குக் குண்டோதரன் சமையல்கட்டு வாசலில் வந்து உட்கார்ந்துவிடுவான். நான் பட்டினி என்று அவனுக்குத் தெரியுமா? மீனாட்சி கல்யாணத்தில் அத்தனை சோற்றையும் தின்று, வைகையையும் குடித்தானே அந்தப் பூதம், அவன் பேர் இந்தச் செம்பட்டைக் கடுவனுக்கு அப்படிப் பொருந்தும். இருட்டில் அவனுக்குச் சாளைமீனை வேகவைத்து முள் எடுத்துப் போட்டுவிட்டு, என் வாயில் பச்சைத் தண்ணீர் மட்டும் ஊற்றிக்கொண்டு கிளம்பினேன். வாசலில் மங்கம்மா குறுக்கே போனாள். பூனை குறுக்கே போனால் போகிற காரியம் ஆகாது என்பார்கள். இரண்டு பூனை இருக்கிற வீட்டில் அதைப் பார்த்தால் படி இறங்கவே முடியாது.

மூன்று மாதச் சர்க்கரை 8.4. ஏழுக்குள் இருக்க வேண்டும். இந்தச் சோதனையை ஏமாற்ற முடியாது, தெரியுமோ? சிவப்பணுவுக்கு ஆயுள் சுமார் 120 நாள். அத்தனை நாளும் இரத்தத்தில் ஓடின சர்க்கரை அதன்மேல் ஒட்டிக்கொண்டு வந்து சாட்சி சொல்லிவிடும். முதல் நாள் ராத்திரி இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டதெல்லாம் செல்லாது. எழுபதாம் கல்யாணத்துக்குப் போய்த் தின்ற ஜாங்கிரிகூட அதில் இருக்கும்.

அந்த ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு ஒரு கிளினிக்குக்குப் போனேன். பேர் வேண்டாம். பத்தரைக்கு வரச் சொன்னார்கள், உள்ளே கூப்பிட்டபோது ஒன்றேகால். என் டோக்கன் 47. நடுவில் யார் யாரோ டோக்கன் இல்லாமல் சிரித்துக்கொண்டே உள்ளே போனார்கள். டிவியில் சத்தமில்லாமல் ஒரு சீரியல் ஓடியது. வசனம் இல்லாமலே எல்லாம் புரிந்தது. அங்கே பிரஷர் 160/90. இருக்காதா பின்னே? வீட்டில் இவர் வாங்கிவைத்த மிஷினில் பார்த்தால் 132/80. அதுவும் சும்மா கிடைக்கவில்லை. பட்டையைக் கையில் சுற்றிப் பொத்தானை அழுத்தியதும் காற்று ஏறுகிற ரப்பர் குழாய் லேசாக அசையும். மங்கம்மாவுக்கு அது பாம்பு. பாய்ந்து பிடித்துவிடுவாள், மிஷின் பிழை என்று காட்டும். இப்போது கதவைச் சாத்திக்கொண்டு பார்க்கிறேன். வெளியிலிருந்து கதவைப் பிராண்டுகிற சத்தத்துக்கு எத்தனை ஏறுகிறதோ தெரியாது.

சர்க்கரை இருக்கிறவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை விழித்திரையைப் பார்த்துவிட வேண்டும், வலியும் இல்லாமல் மங்கலும் இல்லாமலே உள்ளே கெட்டுக்கொண்டிருக்கும் என்று அந்த டாக்டர் சொன்னார். காக்க வைத்தாலும் சொன்னது சரியான பேச்சு. ஆக, போன வாரம் அண்ணாநகர் அரவிந்த் கண் ஆஸ்பத்திரி. சொட்டு மருந்து விட்டுக் கண்ணை மூடி உட்காரச் சொன்னார்கள். சற்று நேரம் கழித்து மறுபடி சொட்டு. என் பக்கத்தில் வரிசையாகப் பத்துப் பேர் கண்ணை மூடிக்கொண்டு, ஏதோ கூட்டுப் பிரார்த்தனை மாதிரி. விழித்திரையில் ஒன்றும் இல்லை, அடுத்த வருஷம் வந்தால் போதும் என்றார்கள். வெளியே வந்தால் வெயில் அப்படியே கண்ணுக்குள் கொட்டுகிறது. ஆட்டோக்காரர் முகம் தெரிகிறது, கையில் இருக்கிற ரூபாய் நோட்டு தெரியவில்லை. வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தேன். பாப்பா விரிந்து கண் முழுக்கக் கறுப்பு. அந்தி நேரத்தில் மங்கம்மாவுக்கு இருக்குமே, அச்சு அசலாக அது. அவளும் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அன்று மடியில் தானாக வந்து உட்கார்ந்தாள். நான் தடவவில்லை.

அங்கே உன்னைப் பற்றியும் கேட்டேன். பழுக்கக் காத்திருப்பதெல்லாம் பழைய காலத்துப் பேச்சாம். அப்போது லென்ஸை முழுசாக எடுத்துவிட்டு சோடாபுட்டிக் கண்ணாடி மாட்டிவிடுவார்கள், நம் தமிழ் சார் போட்டிருந்தாரே, அது. இப்போது சின்னத் துளை வழியாகப் புரையை உடைத்து உறிஞ்சிவிட்டு உள்ளேயே லென்ஸ் வைக்கிறார்கள். ரொம்ப நாள் விட்டால் புரை கெட்டிப்பட்டு எடுப்பதுதான் கஷ்டமாகும். நீ என்ன, வாழைத்தாரா வைத்திருக்கிறாய், பழுக்க? டாக்டர் வெங்கடசாமி 58 வயசில் சர்க்கார் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் 1976-இல் பதினொரு படுக்கையோடு அரவிந்தை இங்கே ஆரம்பித்தார். முடக்குவாதத்தில் வளைந்துபோன விரல்களை வைத்துக்கொண்டு ஆபரேஷன் செய்த மனுஷர். உங்கள் திருநெல்வேலியிலேயே 1988-இலிருந்து கிளை இருக்கிறது. லென்ஸ்கூட எங்கள் ஊர்ச் சரக்குதான், அரவிந்தின் ஆரோலேப் தொழிற்சாலையில் 1992-இலிருந்து செய்கிறார்கள். பாளையங்கோட்டையிலிருந்து டவுன் பஸ்ஸில் போகிற தூரத்தில் வைத்துக்கொண்டு நீ காரணம் தேடுகிறாய்.

மங்கம்மா கதையை முடிக்காவிட்டால் திட்டுவாய். பத்து நாள் கழித்து அவளுக்கும் ஊசி போடக் கூட்டிப்போனேன். கூடையைப் பார்த்ததும் பீரோ மேல் ஏறிவிட்டாள். கடைசியில் எதிர்வீட்டுப் பையன் சொன்ன யுக்தி: தலையணை உறையை உள்வெளியாகக் கையில் மாட்டிக்கொண்டு பின்பக்கமாக அவளைப் பிடித்து, உறையைத் திருப்பிவிட்டால் பூனை உள்ளே. மூன்றாவது முயற்சியில் நடந்தது. வழியெல்லாம் அவள் போட்ட கூச்சலுக்கு ஆட்டோக்காரர் இரண்டு தடவை திரும்பி, "குழந்தையாம்மா?" என்றார். மேஜையில் விட்டதும் அந்தச் சண்டைக்காரி நாலு காலையும் மடக்கிக்கொண்டு ரொட்டித் துண்டு மாதிரி உட்கார்ந்துவிட்டாள். ஊசி போட்டதே தெரியவில்லை அவளுக்கு. மூன்று கிலோ இருநூறு. நல்லவேளையாக அங்கே இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். போன மழைக்காலத்தில் குண்டோதரன் சுருண்டு படுத்தபோது யாரோ அரை பாராசிட்டமால் கொடு என்றார்கள், அவன் துப்பிவிட்டான். அது பூனைக்கு விஷமாம், உயிரே போயிருக்குமாம். டாக்டர் சொன்னபோது எனக்குக் கை நடுங்கிவிட்டது.

இப்போது ஃபிரிட்ஜ் கதவில் மூன்று சீட்டு ஒட்டியிருக்கிறது. மங்கம்மாவுக்கு அடுத்த வருஷத்து ஊசி. எனக்குச் சர்க்கரை, மூன்று மாதம் கழித்து. ஃபைலில் 8.4 என்று என் கையாலேயே எழுதினேன். ஸ்கேல் கிடைக்கவில்லை, கோடு வளைந்துதான் வந்தது. மூன்றாவது சீட்டு நாளை மறுநாளுக்கு, கடைசி ஊசி.

அதனால் இப்படிச் செய். ஆபரேஷனுக்கு அப்புறம் வாரக்கணக்கில் நேரத்துக்கு நேரம் சொட்டு மருந்து விட வேண்டும், பிள்ளைகள் இரண்டும் வெளிநாட்டில், விட ஆளில்லை என்று எழுதியிருக்கிறாய். நான் வந்து விடுகிறேன். செவ்வாய் காலையில் ஊசி, புதன் காலையில் மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு அங்கே. பூனைகளை எதிர்வீட்டுப் பையன் பார்த்துக்கொள்வான், பேசியாகிவிட்டது. மூன்று தடவைக்கு மேல் தடவாதே என்று சொல்லியும் வைத்திருக்கிறேன். இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே போய்த் தேதி வாங்கு. வாங்கிவிட்டு போன் பண்ணு, இன்னொரு கடிதம் எழுதிக்கொண்டிருக்காதே.

உன்
வசந்தா

பி.கு: மத்தியானத்துக்கு ரசமும் அப்பளமும் போதும். அல்வா வாங்கி வைக்காதே. வைத்தால் தின்றுவிடுவேன்.