பக்கத்துக் கட்டில் அம்மாவுக்கு

அப்பா நேற்றுப் பின்னேரம் வீட்டுக்கு வந்துவிட்டார். வெள்ளவத்தை வீட்டுப் படிகளை என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார், நடுவில் இரண்டு தரம் நின்றார். ஈரல் வருத்தத்தால் வயிற்றில் சேர்ந்த தண்ணீரில் இரண்டாம் தரமும் கிருமி பிடித்து ஆஸ்பத்திரியில் கிடந்தது உங்கள் எல்லாருக்கும் தெரியும், திரும்ப விரித்துச் சொல்லவில்லை. நன்றியை மட்டும் சூட்டோடு எழுதிவிடுகிறேன்.

அல்புமின் என்கிற, நரம்பில் ஏற்றும் இரத்தப் புரதத்தைத் தேடி அலைந்தவர்களுக்கு முதல் வணக்கம். முதல் நாள் கிலோவுக்கு ஒன்றரை கிராம், மூன்றாம் நாள் ஒரு கிராம். 60 கிலோ அப்பாவுக்கு, 20 கிராம் போத்தல்கள் எட்டு. டொக்டர் கணக்குச் சொல்லி முடிக்குமுன்பே பம்பலப்பிட்டி, மருதானை என்று பாமசி பாமசியாக ஏறி இறங்கிய தம்பிமார், காசு அனுப்பிய சித்தப்பா, உப்பில்லாக் கஞ்சி காய்ச்சித் தந்த மேல்வீட்டு அன்ரி, கதிரேசன் கோயிலில் நேர்த்தி வைத்தவர்கள், கொச்சிக்கடை அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தியவர்கள்... எல்லாரையும் நேரில் வந்து பார்ப்பேன். சிறுநீரகம் கெடாமல் தப்பியதில் அந்தப் போத்தல்களுக்குப் பெரிய பங்கு உண்டாம்.

ஆனால் இந்த மடல், இதை வாசிக்க முடியாத ஒருவருக்கு. ஐந்து மாதத்துக்கு முன், வயிற்றுத் தண்ணீரில் முதல் தடவை கிருமி பிடித்தபோது, பக்கத்துக் கட்டிலில் இருந்த சிங்கள ஐயாவின் மனைவி. அந்த ஐயாவுக்கும் ஈரல்தான். (அப்பா வாழ்நாளில் குடித்ததில்லை. சீனி வருத்தமும் கொழுப்பு படிந்த ஈரலும் போதும். இனியாவது "குடிச்சவரோ?" என்று கேட்காதீர்கள்.)

ஒரு புதன்கிழமை விடியற்காலை அந்த ஐயா போய்விட்டார். அந்த அம்மா ஃபிளாஸ்க், சாரம், தலையணை எல்லாவற்றையும் பையில் போட்டார். பிறகு ஒரு பள்ளிக்கூடக் கொப்பியை எடுத்து, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, என் கையில் வைத்தார். முதல் பதினொரு பக்கங்களில் அவர் கணவரின் சிங்களக் கையெழுத்து, ஒவ்வொன்றுக்கும் தேதி. மிச்சம் வெறும் பக்கம். "துவே (மகளே), தினமும் காலையில் பெயர் எழுதச் சொல்லு. எழுத்து கோணினால் காய்ச்சல் வரும் வரை பார்த்திருக்காதே" என்றார், பாதி சிங்களத்திலும் பாதி தமிழிலும். "நான் ஒரு நாள் பார்த்திருந்துவிட்டேன்."

இதைச் சொல்ல அவருக்கு அந்த நேரத்தில் என்ன கடமை இருந்தது?

அந்த முறை வீட்டுக்கு அனுப்பும்போது டொக்டரும் ஒளிக்காமல் சொன்னார். ஒருதரம் வந்து தப்பியவர்களில், தடுப்பு மருந்து எடுக்காவிட்டால், பத்துக்கு ஏழு பேருக்கு ஒரு வருடத்துக்குள் திரும்ப வரும். மருந்து எடுத்தால் நன்றாகக் குறையும், ஆனால் இல்லாமல் போகாது. அப்பாவின் வயிற்றுத் தண்ணீரில் புரதம் டெசிலீற்றருக்கு ஒரு கிராமுக்கும் கீழே. கிருமியோடு சண்டை பிடிக்கிற சரக்கும் அந்தப் புரதத்தோடுதான் இருக்கிறதாம். ஈரல் பழுதானால் இரத்தத்தில் ஏறும் பிலிருபின் என்கிற மஞ்சள் சரக்கும் அப்பாவுக்கு அதிகம். அப்பா வருடக்கணக்காகத் தன்பாட்டில் வாங்கிப் போட்ட கஸ்ட்ரைட்டிஸ் குளிசையையும் தேவையில்லை என்று நிறுத்தினார்கள், அதுவும் தொற்றுக்கு வழி விடலாமாம். சரி, ஆபத்து அதிகம் என்று விளங்கியது. எந்தக் கிழமை வரும் என்று யாரிடம் கேட்பது?

அப்பா புறக்கோட்டை மொத்தக் கடையொன்றில் முப்பத்தெட்டு வருடம் கணக்குப்பிள்ளை. பேரேட்டில் அவர் எழுத்து அச்சுப் போல நிற்கும். "நான் என்ன பாலர் வகுப்போ?" என்று புறுபுறுத்தார், ஆனாலும் எழுதினார்.

இந்த முறை அன்று காலை கடைசி எழுத்து கோட்டுக்குக் கீழே இறங்கிக் கிடந்தது. தேதியில் மாதத்தை இரண்டு தரம் எழுதியிருந்தார். காய்ச்சல் இல்லை, வயிற்று நோ இல்லை, வழமைபோல் தேத்தண்ணி கேட்டார். ஈரல் கழிக்காத நஞ்சு மூளைக்கு ஏறினால் எழுத்து கோணும், தொற்று வந்தாலும் அப்படி ஏறுமாம். அந்த நஞ்சை வயிற்றால் போக்கும் லாக்டுலோஸ் பாணியைக் கூட்டிக் கொடுத்து நாளைக்குப் பார்ப்போம் என்றான் அண்ணா. எனக்கு அந்த அம்மாவின் முகம்தான் வந்தது. ஓட்டோ பிடித்தேன்.

வார்டில் இருந்த இளம் டொக்டர் பிள்ளை கொப்பியைப் பார்த்துச் சிரிக்கவில்லை. பின்னோக்கிப் பத்துப் பக்கம் புரட்டிவிட்டு, ஊசி போட்டுத் தண்ணீர் எடுத்தார். அதில் நியூட்ரோஃபில் என்கிற வெள்ளணு ஒரு கன மில்லிமீற்றரில் 250ஐத் தொட்டாலே தொற்று என்று மருந்து தொடங்கிவிடுவார்கள். அப்பாவுக்கு அதற்கும் பலமடங்கு மேலே. பொழுது படுமுன் முதல் ஊசி ஏறிவிட்டது. அந்தப் பிள்ளைக்கும், இரவெல்லாம் விழித்திருந்த மிஸ்ஸிமாருக்கும் நன்றி.

அந்த அம்மாவின் ஊர் குருநாகல் பக்கம் என்பது மட்டும்தான் தெரியும். பெயர்கூடக் கேட்கவில்லை, வெட்கமாக இருக்கிறது. என் சிங்களம் பஸ்ஸில் இறங்க மட்டும் போதும். அதனால் ஒரு சிநேகிதி இதைச் சிங்களத்தில் எழுதித் தருகிறாள், கிளினிக் நாளில் வார்டில் கொடுத்து வைப்பேன். அந்த ஐயாவின் பதினொரு பக்கங்களும் கிழியாமல் இருக்கின்றன அம்மா. கேட்டால் கொப்பியோடு வருவேன்.

இன்று காலையும் அப்பா எழுதினார். கடைசி எழுத்து இன்னும் கொஞ்சம் சரிகிறது. பேனை சரியில்லையாம், வேறு வாங்கி வரட்டாம்.