கையெழுத்து வேண்டாம், ஒரு மணி நேரம் கொடுங்கள்

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கும், பிளேஸ்மென்ட் அலுவலகப் பொறுப்பாளர்களுக்கும், முன்னாள் மாணவர் சங்கத்தாருக்கும்,

வணக்கம்.

சென்ற வாரம் எம்பிஏ மாணவர்களான எங்களுக்கு நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கை வந்து சேர்ந்தது. மென்டர், அதாவது வழிகாட்டி ஆசிரியர், பதிவேட்டில் நான்கு சந்திப்புகளுக்கும் கையெழுத்து இல்லாதவர்கள் வேலைக்கான இறுதிக்கட்ட நேர்காணல்களில் உட்கார முடியாது என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தீர்கள். மறுநாள் காலையிலேயே ஆசிரியர் அறைகளின் வாசலில் வரிசை கட்டி நின்றோம். அதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

நீங்கள் பார்க்காதது உள்ளே நடந்தது. என் மென்டர் பதிவேட்டை வாங்கினார், பெயரைப் படித்தார், "எந்த ஸ்பெஷலைசேஷன்?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் முதல் பெட்டியில் கையெழுத்து விழுந்துவிட்டது. எல்லாம் ஒரே நாளில் போட்டது போலத் தெரியக் கூடாதல்லவா? இரண்டு பெட்டிக்கு நீலப் பேனா, இரண்டு பெட்டிக்குக் கறுப்புப் பேனா. 'கலந்துரையாடிய விவரம்' என்ற இடத்தை மட்டும் நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள் என்றார். வெளியே வந்து, முன்னால் போன நண்பரின் பதிவேட்டைப் பார்த்து எழுதினேன்: குறுகிய கால இலக்கு, நீண்ட கால இலக்கு, வளர்த்துக்கொள்ள வேண்டிய திறன்கள். அவர் அதை யாரைப் பார்த்து எழுதினாரோ தெரியாது.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வகுப்பு, ஆராய்ச்சிக் கட்டுரை, தேர்வுத்தாள் என்று அவருக்குத் தலைக்கு மேல் வேலை. அதற்கு நடுவில் ஒரு வகுப்பறையே நிரம்பும் அளவுக்கு மாணவர்களை அவர் தலையில் கட்டியிருக்கிறீர்கள். நான் போக நினைக்கும் துறையில் அவர் ஒரு நாளும் வேலை பார்த்ததில்லை. அதுவும் அவர் தவறில்லை. பெயர்களை அகர வரிசையில் பிரித்து ஒதுக்கினால் அப்படித்தான் அமையும்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. முதல் செமஸ்டரில், எந்தப் பிரிவில் சிறப்பாகப் படிப்பது என்று தேர்ந்தெடுக்கும் ஸ்பெஷலைசேஷன் படிவம் எங்கள் கைக்கு வரும் முன், நாங்கள் போக நினைக்கும் வேலையை நிஜமாகவே பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவரோடு ஒரு மணி நேரம் பேச வழி செய்யுங்கள்.

ஏன் முதல் செமஸ்டர் என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இரண்டு ஆண்டுப் படிப்பு என்று பெயர்தானே தவிர, தீர்மானிக்கக் கிடைப்பது முதல் சில மாதங்கள்தான். நடுவில் வரும் கோடைக்கால இன்டர்ன்ஷிப்புக்கான தேர்வு முதல் ஆண்டிலேயே நடந்துவிடுகிறது. ஆலோசனை சொல்லும் கன்சல்டிங் நிறுவனங்களும் முதலீட்டு வங்கிகளும் எல்லோருக்கும் முன்னால் வந்து நிற்கின்றன. இன்டர்ன்ஷிப் போன இடத்திலேயே வேலை கிடைப்பவர்கள் பலர். கிடைக்காதவர்களுக்கும் ரெஸ்யூமேயில் முதல் வரி அதுதான். ஆக, விடுதியில் பெட்டி பிரித்து அடுக்கி முடிக்கும் முன்பே அடுத்த பத்து வருடத்துக்கான திசை ஏறத்தாழ முடிவாகிவிடுகிறது. உங்கள் மென்டர் திட்டமோ இரண்டாம் ஆண்டில்தான் கண் விழிக்கிறது.

என் வகுப்புத் தோழி ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அவர் சம்மதத்தோடுதான், பெயர் இல்லாமல். மருத்துவமனையில் பல வருடம் நர்ஸாக இருந்தவர். படுக்கைகள் காலியாக இருந்தும் நோயாளிகள் அவசரப் பிரிவில் மணிக்கணக்கில் காத்துக் கிடப்பதைப் பார்த்துப் பார்த்து, இதைச் சரிசெய்யும் இடத்துக்குப் போக வேண்டும் என்றுதான் எம்பிஏ சேர்ந்தார். எங்கள் வகுப்பில் ஏன் வந்தோம் என்று தெளிவாகத் தெரிந்து வந்த மிகச் சிலரில் அவர் ஒருவர். படிவம் வந்தபோது ஆபரேஷன்ஸ், அதாவது அன்றாட இயக்க நிர்வாகம், எடுப்பதா, வேறு எதையாவது எடுப்பதா என்று கேட்க ஆள் இல்லை. மருத்துவமனை நிர்வாகத்தில் இருக்கும் ஒரு மேலாளர் காலை முதல் மாலை வரை என்ன செய்கிறார், எம்பிஏ முடித்தவரை அங்கே எந்த நிலையில் எடுப்பார்கள், எதுவும் தெரியாது. சீனியர்கள் "ஃபைனான்ஸ் எடுத்தால் சேதாரமில்லை" என்றார்கள். எடுத்தார். வங்கி ஒன்றில் கிரெடிட் கார்டு விற்பனைப் பிரிவில் இன்டர்ன்ஷிப். இப்போது நேர்காணல்களில் அவரிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி, "நர்ஸாக இருந்தவர் ஏன் இங்கே வந்தீர்கள்?" அந்தக் கேள்விக்கு மிக நல்ல பதில் அவரிடம் இருந்தது. முதல் மாதத்தில் இங்கே யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

இதில் வயிறு எரிய வைப்பது வேறொன்று. கேன்டீனுக்குப் போகும் நடைபாதையில் சாதனையாளர்கள் என்று முன்னாள் மாணவர்களின் படங்களை மாட்டி வைத்திருக்கிறீர்களே, அதில் ஒருவர் ஒரு பெரிய மருத்துவமனையின் ஆபரேஷன்ஸ் தலைவர். தினமும் அந்தப் படத்தைக் கடந்துதான் என் தோழி சாப்பிடப் போயிருக்கிறார். கீழே இருந்த சின்ன எழுத்தைப் படித்தது இன்டர்ன்ஷிப் முடித்துத் திரும்பிய பிறகு. உடனே முன்னாள் மாணவர் சங்கத்துக்கு மின்னஞ்சல் எழுதினார். தனிநபர் விவரங்களைப் பகிர இயலாது என்று பதில் வந்தது. சரி, விவரம் வேண்டாம், இந்த ஒரு மின்னஞ்சலை அவருக்கு அனுப்பி வையுங்கள் போதும் என்று மறுபடி எழுதினார். அதற்குப் பதிலே இல்லை. நன்கொடை கேட்டு எழுதும்போது மட்டும் அந்த முகவரிகள் உங்கள் கைக்கு எப்படி எட்டுகின்றன என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்கவில்லை.

நீங்கள் பூட்டி வைத்திருக்கும் அந்தப் பட்டியலின் மதிப்பை எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே உங்கள் பாடத்திட்டம்தான். சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் எழுதிய கட்டுரையை வகுப்பில் படித்தோம். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம், தகவல் சொன்னவரை அந்தச் சமயத்தில் எவ்வளவு அடிக்கடி சந்தித்தீர்கள் என்று விசாரித்திருக்கிறார். அடிக்கடி என்றவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது என்றவர்கள் 55.6, அரிதாக என்றவர்கள் 27.8. சிறிய ஆய்வுதான், ஆனால் சொல்ல வந்தது தெளிவு: நெருங்கிய நண்பனுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும், தூரத்தில் இருப்பவருக்குத்தான் புதுச் செய்தி தெரியும். பெரிய நிறுவனத்தில் மாமாவோ சித்தப்பாவோ இருக்கும் மாணவருக்கு அந்தத் தூரத்து ஆள் வீட்டு விசேஷத்திலேயே கிடைத்துவிடுவார். குடும்பத்தில் முதன்முதலாக அலுவலக வேலைக்குப் போகிறவருக்கு அப்படி ஒருவரைத் தரக்கூடியது கல்லூரி மட்டும்தான். கல்விக் கடன் வாங்கி நாங்கள் கட்டிய கட்டணத்தில் பாதி இதற்குத்தான் என்று நினைத்தோம்.

நிர்வாகவியல் பேராசிரியர் கேத்தி கிராம் 1980களிலேயே மென்டர் செய்ய வேண்டியதை எழுதி வைத்துவிட்டார். பயிற்சி தருவது, சவாலான வேலை தருவது, நாலு பேர் முன்னால் பெயரை எடுத்துச் சொல்வது, வாய்ப்பு வரும்போது பரிந்துரைப்பது ஒரு பக்கம். நம்பிக்கையூட்டுவது, மனம் விட்டுப் பேச இடம் தருவது இன்னொரு பக்கம். நான்கு பெட்டியில் கையெழுத்துப் போடுவது இரண்டு பக்கத்திலும் இல்லை.

வழிகாட்டல் என்ற பெயரில் வேறு ஏதும் கிடைக்கவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கை எப்படிக் குலுக்க வேண்டும் என்று அரை நாள் பயிலரங்கு. கோட் பொத்தான்களில் எதைப் போடக் கூடாது என்று தனியாக ஒரு வகுப்பு. ஆளுமைத் தேர்வு ஒன்றை எழுதச் சொல்லி, நான்கு எழுத்தில் முடிவை மின்னஞ்சலில் அனுப்பினீர்கள். அந்த நான்கு எழுத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று இன்று வரை ஒருவரும் சொல்லவில்லை. விருந்தினர் உரைக்கு வந்தவர்கள் எல்லோரும் மனதுக்குப் பிடித்ததைச் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு விமானத்துக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார்கள். 1908இல் ஃபிராங்க் பார்சன்ஸ் பாஸ்டனில் தொழில் வழிகாட்டல் நிலையம் தொடங்கியபோது வகுத்துக்கொண்ட வழி எளிமையானது: உன்னை அறி, வேலையை அறி, இரண்டையும் சேர்த்து யோசி. ஹார்வர்ட் வணிகப் பள்ளி தொடங்கியதும் அதே ஆண்டுதான். நமக்கோ நூறு ஆண்டு தாண்டியும் பொத்தானுக்கு மேல் நகரவில்லை.

அப்புறம் அந்த விளம்பரப் புத்தகம். 'கிட்டத்தட்ட அனைவருக்கும் வேலை' என்கிறீர்களே, எந்த அனைவருக்கும்? பட்டம் பெறும் நாளன்று எத்தனை பேருக்கு வேலை, மூன்று மாதம் கழித்து எத்தனை பேருக்கு என்று இரண்டையும் தனித்தனியாகச் சொல்வதுதான் வணிகப் பள்ளிகளின் வேலைவாய்ப்பு அலுவலகங்கள் சேர்ந்து வகுத்த எம்பிஏ சிஎஸ்இஏ நெறிமுறை. வேலை தேடாதவர்கள் எத்தனை பேர், தகவலே தெரியாதவர்கள் எத்தனை பேர் என்பதும் தனியாக வர வேண்டும். நம் புத்தகத்தில் ஒரே எண்தான், கூடவே அதிகபட்சச் சம்பளம். எல்லோரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் இடைநிலைச் சம்பளம் எங்கே? என் தோழி இன்று கிரெடிட் கார்டு விற்கும் வேலைக்குச் சம்மதித்தால் உங்கள் எண் ஒன்று கூடும். அவர் எதற்காக வந்தார் என்பதற்கு அந்தப் புத்தகத்தில் பத்தி கிடையாது.

மன்னிக்க வேண்டும், கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன். புத்தகத்தைப் பற்றி வேறொரு நாள் பேசிக்கொள்ளலாம்.

புதிய கட்டடமோ புதிய பதவியோ கேட்கவில்லை. முன்னாள் மாணவர்களிடம் ஒரே ஒரு கேள்வி அனுப்புங்கள்: வருடத்தில் இரண்டு மாணவர்களோடு தலா ஒரு மணி நேரம் பேச முடியுமா? முடியும் என்பவர்களின் பட்டியலைத் துறை வாரியாகப் பிரித்து வையுங்கள். தொலைபேசி எண் எதையும் எங்களுக்குத் தர வேண்டாம். மாணவர் எழுதும் கடிதத்தை உங்கள் அலுவலகமே அனுப்பி வைக்கட்டும். பேராசிரியர்களுக்கு ஒதுக்கும் மாணவர் எண்ணிக்கையை, பெயரும் முகமும் நினைவில் நிற்கும் அளவுக்குக் குறையுங்கள். இதெல்லாம் முதல் செமஸ்டரில், ஸ்பெஷலைசேஷன் படிவத்துக்கு முன் நடக்கட்டும். பின்னால் நடந்தால் பயனில்லை.

நேர்காணலுக்குக் கையெழுத்துக் கட்டாயம் என்ற விதியையும் இந்த ஆண்டு தளர்த்த வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். மென்டர் வேலையை விட்டுப் போய்விட்டதால் கையெழுத்து வாங்க ஆளே இல்லாமல் நிற்பவர்கள் எங்கள் வகுப்பில் இருக்கிறார்கள்.

எங்களுக்குக் காலம் கடந்துவிட்டது, தெரியும். அடுத்த அணி சேர இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன. அவர்களுக்கான கால அட்டவணையை நீங்கள் இப்போதுதான் போட்டுக்கொண்டிருப்பீர்கள். அதில் கை குலுக்கும் பயிலரங்குக்கு ஒதுக்கிய அரை நாளை இதற்குக் கொடுத்தால் போதும். முடியுமா முடியாதா என்று அட்டவணை அச்சுக்குப் போகும் முன் ஒரு வரி எழுதித் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
இரண்டாம் ஆண்டு எம்பிஏ மாணவி ஒருவர்